தலையாட்டாத மூன்று பேர்

1022-இலிருந்து 13-ஐக் கழியுங்கள். வந்த விடையிலிருந்து மறுபடியும் 13. இப்படியே போய்க்கொண்டிருங்கள், வாய்விட்டு, வேகமாக. 1009, 996, 983, 970... எங்கே தப்பினாலும் திரும்ப 1022-இலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு செய்தால் இது சலிப்பூட்டும் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் எதிரே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மூன்று பேர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு கேமரா ஓடுகிறது என்றால் இதே கணக்கில் நாக்கு வறண்டுவிடும். நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்களே 970-க்கு அப்புறம் தடுமாறுவார்கள்.

1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. ஊர்ப் பெயரிலேயே ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை என்கிறார்கள். ஆய்வுக்கு வந்தவரை ஓர் அறைக்குக் கூட்டிப்போய் அந்த மூவரைக் காட்டுவார்கள். 'நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். அதற்கு நீங்கள்தான் பொருத்தமானவர் என்று ஐந்து நிமிடம் பேசி இவர்களை நம்பவைக்க வேண்டும்.' தயாராகப் பத்து நிமிடம். காகிதமும் பேனாவும் கொடுப்பார்கள். மாங்கு மாங்கென்று எழுதி முடித்துப் பேசப் போகும்போது அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். (இந்த முழுச் சோதனையிலும் எனக்கு மிகக் கொடூரமாகப் படுவது இதுதான்.) பெரும்பாலானவர்களுக்குச் சரக்கு மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகும். உடனே குழுவில் ஒருவர், 'இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்' என்பார். மறுபடி நின்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சுமார் இருபது நொடி வெறும் மௌனம். அது முடிந்த கையோடுதான் அந்தக் கழித்தல்.

இவ்வளவும் எதற்கென்றால், எச்சிலுக்காக. மன அழுத்தம் ஏறும்போது அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது எச்சிலிலும் தெரியும். சின்னப் பஞ்சுச் சுருளை வாயில் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் மென்று ஒரு குழாயில் துப்பிவிட்டால் போதும், ஊசி வேண்டாம். ட்ரியர் முறைக்கு உட்பட்டவர்களிடம் கார்டிசால் ஆரம்ப அளவைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. ஆய்வகத்தில் ஒரு மனிதரை உண்மையிலேயே பதற வைத்து, அதை எண்ணாகவும் எடுத்துவிடலாம் என்று காட்டியதால்தான் முப்பது ஆண்டுக்கு மேலாகியும் இந்தத் துறையில் எல்லோரும் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் உளவியல் படித்தவன் இல்லை. விஆர், அதாவது ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் வேறோர் இடத்தில் நிற்பதுபோலத் தோன்றவைக்கும் மெய்நிகர்க் காட்சிகள் செய்து தருகிற நிரலாளன். உளவியல் ஆய்வு செய்யும் ஒரு குழுவுக்கு இந்த அறையை, இந்த மேசையை, இந்த மூன்று பேரை யூனிட்டி என்ற மென்பொருளில் செய்துகொடுத்த வகையில்தான் எனக்கும் இந்த உலகத்துக்கும் உறவு. அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஹெட்செட்டின் பின்பக்கத்திலிருந்து பார்த்தது.

நிஜ ஆட்களை வைத்தே நன்றாக நடக்கும் ஒரு சோதனையை விஆருக்கு ஏன் கொண்டுபோக வேண்டும்? முதல் காரணம், ஆள் கூலி. ஒரு தன்னார்வலரைப் பதற வைக்க மூன்று பேர் வந்து உட்கார வேண்டும். அறுபது பேரை வைத்து ஆய்வு என்றால் யோசித்துப் பாருங்கள். இரண்டாவது காரணம்தான் முக்கியம். மனிதர்கள் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள். காலையில் விறைப்பாக இருந்த குழு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொட்டாவி விடும். பயந்துபோய் நிற்கும் ஒரு பொண்ணைப் பார்த்தால் யாராவது ஒருவர் தன்னையறியாமல் லேசாகச் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு அந்தப் பொண்ணுக்கு ஆறுதல், ஆய்வுக்கு நாசம். கணினியில் செய்த குழு முதல் ஆளைப் பார்த்த அதே பார்வையைத்தான் அறுபதாவது ஆளையும் பார்க்கும். அதே கோப்பை இன்னொரு ஊருக்கு அனுப்பினால் அங்கேயும் அதே பார்வை.

ஆனால் கணினிப் பொம்மைக்கு முன்னால் உடம்பு பதறுமா? பொம்மை என்று தெரியுமே?

தெரிந்தாலும் பதறும். இதற்கு எனக்குப் பிடித்த சான்று அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், சாப்பல் ஹில்லில் நடந்த பள்ளத்து ஆய்வு. மீஹன், இன்ஸ்கோ, விட்டன் ஆகியோரோடு கணினி உலகம் நன்கறிந்த ஃபிரெட் புரூக்ஸும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது. ஹெட்செட் போட்டவர் சாதாரண அறை ஒன்றிலிருந்து பக்கத்து அறைக்குள் நுழைவார். அங்கே நடுவில் தரையே இருக்காது. சுமார் இருபது அடி கீழே இன்னோர் அறை தெரியும். சுவரோரம் ஒரு விளிம்பில்தான் நிற்க வேண்டும். நிஜத்தில் அவர் காலடியில் இருந்தது ஒன்றரை அங்குல உயர மரப்பலகை. அதன் முனையில் கால்விரல் தொங்கினாலே இதயம் அடித்துக்கொண்டது. பலகை இல்லாதபோது இருந்ததைவிடப் பலகை இருந்தபோது துடிப்பு கூடியது. இதயத் துடிப்பு, தோலின் மின்கடத்தல், தோலின் வெப்பம் மூன்றையும் அளந்து பார்த்து, இதயத் துடிப்பே நம்பத்தக்கது என்று முடிவுக்கு வந்தார்கள்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் மாற்றிப் பார்த்தார்கள்: 10, 15, 20, 30. படம் சீராக ஓட ஓட, பள்ளம் நிஜமாகத் தெரியும், துடிப்பும் ஏறும் என்பது எதிர்பார்ப்பு. 15, 20, 30-இல் அப்படித்தான் வந்தது. ஆனால் மிக மோசமான 10-இல் துடிப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. காரணம் என்னவாக இருக்கும் என்று பார்த்தால், படம் திக்கித் திக்கி வந்ததில் ஆட்கள் விளிம்பில் நிலைதடுமாறியிருக்கிறார்கள். அதாவது அங்கே இதயம் அடித்துக்கொண்டது பள்ளத்தைப் பார்த்து அல்ல, விழப்போகிறோமே என்றுதான். கருவியில் இரண்டுமே ஒரே எண். இந்தத் துறையில் யார் எந்தப் பெரிய எண்ணைக் காட்டினாலும் எனக்கு அந்த 10 ஞாபகத்துக்கு வந்துவிடும்.

பள்ளம் பயம். நமக்கு வேண்டியது மூளை உழைக்கும்போது வரும் அழுத்தம். அதற்கு ஆள் வேண்டும். லண்டனில் மெல் ஸ்லேட்டரின் குழு இந்தப் பக்கம் நிறைய வேலை செய்தது. 2002இல் அவரும் பெர்டாப், பார்க்கர் இருவரும் வெளியிட்ட ஆய்வில் எட்டு மெய்நிகர் ஆண்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் பேச வேண்டும். ஒரு கூட்டம் ஆர்வமாகக் கேட்கும், ஒன்று சும்மா இருக்கும், மூன்றாவது முகம் சுளிக்கும், பேச்சைக் கேட்காமல் அலட்சியம் காட்டும். முகம் சுளித்த கூட்டத்துக்கு முன்னால், மேடைப் பயம் இல்லாதவர்களுக்கும்கூடப் பதற்றம் வந்தது. அன்றைய கிராபிக்ஸை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். 2006இல் அதே ஸ்லேட்டர், உளவியலாளர் மில்கிராமின் பழைய மின்அதிர்ச்சிச் சோதனையையும் விஆரில் செய்து பார்த்தார். தவறான விடை சொல்லும் மெய்நிகர்ப் பெண்ணுக்கு 'ஷாக்' கொடுக்க வேண்டும், அவள் கதறுவாள். அங்கே யாரும் இல்லை, யாருக்கும் வலிக்கவில்லை என்று பங்கேற்றவர்கள் அனைவருக்கும் தெரியும். இருந்தும் உடம்பு நிஜம் போலவே நடந்துகொண்டது, சிலர் பாதியிலேயே நிறுத்தியும் விட்டார்கள்.

ட்ரியர் சோதனையை விஆருக்கு மாற்றும் முயற்சிகள் இதையொட்டித்தான் வந்தன. 2007இல் கனடாவில் செய்து பார்த்தபோது கார்டிசால் ஏறியது, ஆனால் நிஜக் குழுவுக்கு முன்னால் ஏறிய அளவுக்கு இல்லை. 2010இல் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் ஹெட்செட் மாட்டாமல் சுவர்களிலேயே படம் விழும் அறையில் செய்தார்கள். 2019இல் இப்படி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், மெய்நிகர்க் குழு கார்டிசாலை ஏற்றுகிறது, நிஜக் குழுவைவிடக் கொஞ்சம் குறைவாக என்று தெரிந்தது. அதே 2019இல் சோதனை பிறந்த ட்ரியரிலிருந்தே ஒரு முடிவு வந்தது. ஆய்வு நடக்கும் நிஜ அறையையே அச்சு அசலாக விஆரில் கட்டினால் இன்னும் பலமாக இருக்குமா என்று பார்த்திருக்கிறார்கள். இல்லை. அறையைத் தத்ரூபமாக்கியதால் அழுத்தமும் கூடவில்லை, அங்கேயே இருக்கிற உணர்வும் கூடவில்லை.

சுவரின் சுண்ணாம்பு விரிசல் வரை வரைகிற என்னைப் போன்ற ஆளுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் வேலை செய்துகொண்டே போகும்போது புரிந்தது. சுவரை யாரும் பார்ப்பதில்லை. முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த முகத்தைச் செய்வதில்தான் வேலை இருக்கிறது. ஆளை அசையாமல் உட்கார வைத்தால் அது ஜவுளிக்கடைப் பொம்மை, அதற்கு யாரும் பயப்படமாட்டார்கள். அவர் மூச்சு விட வேண்டும், தோள் லேசாக ஏறி இறங்க வேண்டும், கண் சிமிட்ட வேண்டும். மூவரும் ஒரே நேரத்தில் சிமிட்டினால் காரியம் கெட்டது. பார்வை பேசுபவரின் முகத்திலேயே இருக்க வேண்டும். பேசுபவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் சாய்ந்தால் கண்ணும் கூடவே நகர வேண்டும். அவ்வப்போது ஒருவர் குனிந்து ஏதோ எழுத வேண்டும். என்ன எழுதினார் என்று தெரியாதது ரொம்ப முக்கியம். எல்லாவற்றையும்விட, தலையாட்டக் கூடாது. நம்மூரில் ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருப்பார்; போனில் பேசும்போதுகூட 'ம்' நின்றுவிட்டால் 'ஹலோ, லைன்ல இருக்கீங்களா' என்று கேட்கிறோம். அந்த 'ம்' இல்லாத ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். கடையில் வாங்கும் ஆயத்த அசைவுத் தொகுப்புகளில் எல்லா ஆளும் தலையாட்டுவார்கள். அதைத் தேடித் தேடி வெட்டி எடுத்தேன்.

முடித்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றிய ஒரு மாணவர் என்னிடம் கேட்டது: "அண்ணா, நடுவுல இருந்த மேடம் என்ன எழுதுனாங்க?" நான் செய்த பொம்மை, அதன் கையில் நான் வைத்த பேனா, அது எழுதுவது ஒன்றுமே இல்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அப்புறம், "இல்ல, நான் கேப் விட்டப்பதான் எழுதுனாங்க" என்றார்.

இங்கேதான் என் மனதில் இருக்கும் முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளுக்கான திட்ட அறிக்கைகளில் 'அறிவாற்றல்சார் மன அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். அதாவது மூளைக்கு வேலை கொடுப்பதால் வரும் அழுத்தம். கழித்தல் கணக்கு, நிறப் பெயரை வேறு நிறத்தில் எழுதி எழுத்தின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் 1935ஆம் ஆண்டின் ஸ்ட்ரூப் சோதனை, இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்தது என்ன என்று நினைவில் வைத்துக்கொண்டே போகும் பயிற்சி. ஆனால் டிக்கர்சனும் கெமெனியும் 2004இல் 208 ஆய்வக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. மூளைக்கு வேலை கொடுத்தால் மட்டும் கார்டிசால் பெரிதாக ஏறுவதில்லை. நம்மை யாரோ எடை போடுகிறார்கள், நாம் என்ன செய்தாலும் விஷயம் நம் கையில் இல்லை, இந்த இரண்டும் சேரும்போதுதான் எகிறுகிறது. அப்படியென்றால் ட்ரியர் சோதனையில் வேலை செய்வது 13 அல்ல. 13-ஐக் கழிக்கத் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள்.

மூளை உழைப்பும் மன அழுத்தமும் ஒன்றல்ல. கடினமான சுடோகுவில் மூழ்கிக் கிடப்பவருக்கு மூளை உழைப்பு உச்சத்தில் இருக்கும். கேட்டால் ஜாலியாக இருக்கிறது என்பார். விஆரில் ஒரு கணக்கைக் கொடுத்து, துடிப்பு ஏறியதைக் காட்டி, 'அறிவாற்றல் அழுத்தத்தை உண்டாக்கினோம், அளந்தோம்' என்று எழுதினால் அந்த வாக்கியத்தில் குறைந்தது இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரிக்கத்தான் விஆர் நல்ல கருவி என்பது என் கட்சி. கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் எடுக்கலாம். ஆளை வைத்துக்கொண்டு கணக்கை எளிதாக்கலாம். அமெரிக்காவில் தாமஸ் பார்சன்ஸ் செய்த ஸ்ட்ரூப் இந்த வகை. ராணுவ வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது முன் கண்ணாடியில் சொற்கள் வரும். சில இடங்களில் சாலை அமைதி, சில இடங்களில் சுற்றிலும் தாக்குதல். கேள்வி அதேதான், சூழ்நிலைதான் மாறுகிறது. நிஜ வாழ்க்கையில் இப்படி ஒரு கம்பியை மட்டும் தனியாகப் பிடுங்க முடியாது.

சரி, அளப்பதற்கு வருவோம். எச்சில் நம்பகமானது, ஆனால் மந்தமானது. அழுத்தம் முடிந்து பத்து இருபது நிமிடம் கழித்துத்தான் கார்டிசால் உச்சத்துக்கு வரும். எந்த நொடியில் பதறினார் என்று அதைக் கேட்க முடியாது. காலையில் எழுந்த அரை மணி, முக்கால் மணியில் கார்டிசால் தானாகவே ஏறி நிற்கும் என்பதால் ஆய்வை மதியத்துக்கு மேல் வைப்பார்கள். வருவதற்கு முன் சாப்பாடு, காபி, சிகரெட் கூடாது. மூன்று மணிக்கு டீ குடிக்காமல் வா என்று கல்லூரி மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். கார்டிசால் அதிலேயே ஏறும். வந்தவரை உடனே சோதிக்கவும் முடியாது. பஸ் பிடித்து, மாடி ஏறி, தெரியாத இடத்துக்கு வந்த படபடப்பு அடங்க அரை மணியாவது சும்மா உட்கார வைக்க வேண்டும்.

நொடிக்கு நொடி பார்க்க வேண்டும் என்றால் தோல். விரல்களில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, உணரவே முடியாத அளவு மின்சாரம் விட்டு, எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்ப்பது. பதறினால் உள்ளங்கை வியர்க்கும், ஒன்று முதல் மூன்று நொடிக்குள் கோடு மேலே போகும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் விஆரில் அதே கையில்தானே கன்ட்ரோலரைப் பிடிக்க வேண்டும்? ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் மின்முனை நசுங்கி ஒரு பொய்யான சிகரம் வரும். அதனால் உள்ளங்காலில் ஒட்டுகிறார்கள். அங்கே நின்றுகொண்டே பேசுபவர் எடையை மாற்றினால் அதுவும் கோட்டில் விழும். ஏசி நின்றுபோனால் சொல்லவே வேண்டாம்.

இதயத்தில் துடிப்பை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்ப்பார்கள். நிம்மதியாக இருக்கும்போது அந்த இடைவெளி நன்றாக ஏறி இறங்கும், அழுத்தத்தில் அது சுருங்கும். இதில் உள்ள கண்ணி மூச்சு. மூச்சின் தாளத்தோடுதான் அந்த இடைவெளி ஆடுகிறது. பேசும்போது மூச்சின் தாளம் மாறிவிடும். சும்மா உட்கார்ந்திருந்தபோது எடுத்ததையும், வேலைக்கு என்னை எடுங்கள் என்று பேசியபோது எடுத்ததையும் ஒப்பிட்டால், பாதி வித்தியாசம் வாய் அசைந்ததால் வந்ததாகவும் இருக்கலாம்.

கண் ரொம்பச் சுவாரஸ்யமானது. 1964இல் ஹெஸ், போல்ட் இருவரும் பெருக்கல் கணக்குக் கொடுத்துக் கண்மணியைப் படமெடுத்தார்கள். 7 பெருக்கல் 8-க்குக் கொஞ்சம் விரிந்த கண்மணி, 16 பெருக்கல் 23-க்கு நன்றாக விரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து கானமனும் பீட்டியும், எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கண்மணி விரிந்துகொண்டே போவதையும், திருப்பிச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய்ச் சுருங்குவதையும் காட்டினார்கள். இன்றைய ஹெட்செட்கள் சிலவற்றின் உள்ளேயே கண்ணைப் பார்க்கும் கேமரா இருக்கிறது. ஆனால் கண்மணி முதலில் வெளிச்சத்துக்குத்தான் கட்டுப்படும். ஹெட்செட்டுக்குள் வெளிச்சம் என்பதே நான் செய்த காட்சி. குழுத் தலைவரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் கண்மணி சுருங்கும், கருப்பு மேசையைப் பார்த்தால் விரியும். இதற்காகவே எல்லோருக்கும் சாம்பல் சட்டை மாட்டி, சுவரையும் அதே அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அறை பார்க்கச் சகிக்காது. ஆனால் கண் சொல்வதை ஓரளவு நம்பலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி, உண்மையிலேயே தலைவலிதான். விஆர் சிலருக்குக் குமட்டும். படம் நகர்கிறது, உடம்பு நகரவில்லை. அந்த முரண்பாட்டில் வயிறு புரளும். இதை அளக்க 1993இல் கென்னடியும் உடனிருந்தவர்களும் செய்த கேள்வித்தாளில் பதினாறு அறிகுறிகள் உண்டு. வியர்வை, தலைவலி, களைப்பு, கவனம் குவியாமை எல்லாம் அதில் இருக்கின்றன. இதே பட்டியலை மன அழுத்தக் கேள்வித்தாள் என்று கொடுத்தாலும் பலர் நம்பிவிடுவார்கள். ஆக, குமட்டிய ஆளையும் பதறிய ஆளையும் தோலும் இதயமும் பிரித்துக் காட்டாது. இதனால்தான் என் காட்சிகளில் பேசுபவரை நான் ஒருபோதும் நகர்த்துவதில்லை. அவர் தானே நகர்ந்தால்தான் படம் நகரும். கூடவே இன்னொன்று: முதல் தடவை ஹெட்செட் போடுகிறவர்களுக்கு வரும் குஷி. 'ஐ, சூப்பரா இருக்கே' என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பவரின் துடிப்பும் ஏறித்தான் இருக்கும். குஷிக்கும் கவலைக்கும் வியர்வையில் வேறுபாடு இல்லை.

மாட்டுவதே தனிக் கதை. இந்தக் கருவிகள் எந்தத் தலையை நினைத்து வடிவமைக்கப்பட்டனவோ தெரியாது, நீளப் பின்னலும் அதில் ஒரு முழம் பூவும் உள்ள தலையை நினைத்து அல்ல. பின்பட்டை பின்னலுக்கு மேலே நிற்கும், அல்லது கீழே. இரண்டிலும் படம் மங்கும். நெற்றித் திருநீறு ஸ்பாஞ்சில் ஒட்டி அடுத்தவர் நெற்றிக்குப் போகும். எண்ணெய் தேய்த்த தலையில் பட்டை வழுக்கும். சரிசெய்ய ஐந்து நிமிடம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த ஆளின் 'அமைதி நிலை' அளவு என்னவாக இருக்கும்? இந்த எரிச்சலெல்லாம் எந்தக் கட்டுரையின் முறையியல் பகுதியிலும் வருவதில்லை.

கணக்கிலும் நம்மூர்ச் சிக்கல் ஒன்று உண்டு. 'தொள்ளாயிரத்து எண்பத்து மூணு' என்று தமிழில் சொல்பவருக்கும் 'நைன் எய்ட்டி த்ரீ' என்று முடிப்பவருக்கும் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கழித்தல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. எத்தனை கழித்தார் என்பதை மதிப்பெண்ணாக எடுத்தால் யார் பதறினார் என்பதற்குப் பதிலாக யார் எந்த மீடியத்தில் படித்தார் என்று அளந்துகொண்டிருப்போம்.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் மருந்து ஒப்பீட்டுக் குழு. 2009இல் ட்ரியர் சோதனைக்கே ஒரு 'வெற்று' வடிவம் வெளியானது. அதே நேரம், அதே நிற்றல், அதே பேச்சு. ஆனால் அறையில் யாரும் இல்லை, பேச்சு ஏதோ ஒரு சினிமாவைப் பற்றியோ விடுமுறையைப் பற்றியோ, கணக்கு 0-இலிருந்து 15, 30, 45 என்று கூட்டிக்கொண்டு போவது. கார்டிசால் ஏறவில்லை. நிற்பதும் பேசுவதும் அழுத்தம் இல்லை என்று இதனால் உறுதியானது. விஆர் ஆய்வில் இதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர். ஹெட்செட் போட்டுப் பதறிய குழுவை, ஹெட்செட்டே போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குழுவோடு ஒப்பிட்டுவிட்டு வெற்றி என்று அறிவித்துவிடுகிறார்கள்.

கைக்கடிகாரத்தில் வரும் 'ஸ்ட்ரெஸ்' எண்ணுக்கும் இதே கேள்வி பொருந்தும். 2018இல் வெளியான வெசாட் என்ற தரவுத் தொகுப்பைக் கொண்டு பலரும் அழுத்தம் கண்டறியும் நிரல்களைப் பயிற்றுகிறார்கள். பதினைந்து பேரின் தரவு; அழுத்தத்துக்குப் பயன்பட்டது ட்ரியர் சோதனையேதான். அழுத்தம் உண்டா இல்லையா என்பதை 93% சரியாகச் சொல்ல முடிந்தது. நல்ல எண். ஆனால் அந்த நிரல் கற்றுக்கொண்டது பதற்றத்தையா, நான்கு பேர் முன்னால் பேசுவதையா? பதினைந்து பேரை வைத்து அதைத் தீர்க்க முடியாது.

ஆளைப் பதற வைப்பதற்கு அனுமதி வேண்டும், அது எளிதாகக் கிடைக்கவும் கூடாது. நெறிமுறைக் குழு கேட்கும் முதல் கேள்வி, முன்கூட்டியே எவ்வளவு சொல்வீர்கள் என்பது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பதறமாட்டார். எதையும் சொல்லாவிட்டால் அது ஏமாற்று. நடைமுறையில், கடினமான சூழலில் பேச வேண்டியிருக்கும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முன்னால் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டு, குழு வேண்டுமென்றே இறுக்கமாக இருந்தது, உங்கள் பேச்சை யாரும் மதிப்பிடவில்லை என்பதை முடிந்ததும் விளக்குகிறார்கள். தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 2020இல் ஸ்டான்ஃபோர்டில் 511 பேர் விஆர் படம் பார்த்தபோது தலையும் கையும் அசைந்த விதத்தை மட்டும் வைத்து, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தரவில், யார் எவர் என்று 95% துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள். பெயரை நீக்கிவிட்டோம் என்று படிவத்தில் எழுதுகிறோம். அசைவுகளும் பெயர் மாதிரிதான் என்று யாரும் எழுதுவதில்லை. அதோடு அவர் எங்கே பதறினார் என்பதும் அதே கோப்பில் இருக்கிறது.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது ஒப்பீட்டுக் காட்சி. அதே அறை, அதே சாம்பல் சுவர், அதே வெளிச்சம், குழு மட்டும் இல்லை. மேசைக்குப் பின்னால் மூன்று காலி நாற்காலிகளை விட்டுவைப்பதா, எடுத்துவிடுவதா என்பதில் ஆய்வை நடத்தும் மேடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. எடுத்தால் காட்சி மாறிவிடுகிறது, ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். முன்னோட்டத்துக்கு வந்த ஒரு பொண்ணு காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே, "சார், இவங்க எப்போ வருவாங்க?" என்று கேட்டதும், அவருடைய தோல் கோடு அந்த நேரத்தில் ஏறியிருந்ததும் என் வாதம். மேடம் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அது ஏசி நின்ற நேரம் என்கிறார்.